உஷார்! ‘பல்லும் கவர் ஆகும்’ என்ற பேச்சை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்

கற்பிட்டியிலிருந்து மாரவில வரைக்கும் இந்தக் கரையோரத்தில் பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போட நினைத்து, அதற்கென்றே ஒரு காப்புறுதியும் எடுப்போமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்கள் இன்னும் அவசரமாகப் படியுங்கள். உங்களுக்குச் சில நாள் அவகாசம் மிச்சமிருக்கலாம்.

“ராத்தா, இதில பல்லும் கவர் ஆகும்.” புத்தளம் நகரத்திலும் பாலாவியிலும் பேச்சு இப்படித்தான் வரும். உடப்புப் பக்கம் போனால் ராத்தா என்பது அக்கா ஆகும், மற்றதெல்லாம் அதேதான். முகவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தால் விபத்துச் சிகிச்சையோடு சேர்த்து அதற்குப் பணம் வரலாம். சொத்தைப் பல்லைப் பிடுங்கிய பில்லை, வெளிநோயாளர் செலவுக்கென்று ஒதுக்கிய சிறு தொகைக்குள் சில கம்பனிகள் ஏற்றுக்கொள்ளும். ஆகவே ‘பல்’ கவர் ஆகிறதுதான். ஆனால் கோணலாக முளைத்த பல்லை ஒன்றரை, இரண்டு வருடம் கம்பி கட்டி நிமிர்த்துகிற வேலை பெரும்பாலான பொலிசிகளில் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ‘உள்ளடங்காதவை’ என்ற பட்டியலில் அழகுக்காகச் செய்யும் சிகிச்சைகளுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும். முகவர் முன்பக்கத்தைக் காட்டுவார். பணம் கேட்டுப் போகிற அன்று கம்பனி பின்பக்கத்தைக் காட்டும்.

இதில் கம்பனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. காப்புறுதி என்பது நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்காகப் பலரும் சேர்ந்து போடுகிற பணம். ஆயிரம் பேர் கட்டுகிறார்கள், அதில் சிலருக்குத்தான் விபத்து, சிலருக்குத்தான் அறுவைச் சிகிச்சை. பிள்ளையின் மேல்வரிசைப் பல் முன்னுக்குத் தள்ளியிருப்பது அப்படியா? வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பாடசாலையில் பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அடியில் ஓட்டை விழுந்த வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, அந்த ஓட்டைக்கே காப்புறுதி தா என்று கேட்கிற கதைதான் இது. பல் கோணலான பிள்ளையின் பெற்றோர் மட்டும் வாங்குகிற பொலிசியை எந்தக் கம்பனியும் நடத்த முடியாது. நடத்துவதாக இருந்தால் கம்பிச் செலவை முழுக்கக் கட்டுப்பணமாக உங்களிடமே வாங்கி, அதற்கு மேல் தன் செலவையும் முகவரின் கமிஷனையும் ஏற்ற வேண்டும். அதனால்தான் ‘முன்பே இருந்த நிலை’, ‘காத்திருப்புக் காலம்’ என்று வேலி மேல் வேலி.

வெளிநாட்டில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். லண்டனில் இருக்கிற மாமி மகனுக்குச் சும்மா போட்டார்கள், ஜேர்மனியில் சித்தப்பா மகளுக்குக் காசு திரும்பி வந்தது என்ற கதைகள் நம் ஊரில் நிறைய. இரண்டும் உண்மையாக இருக்கும். பிரித்தானியாவில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரச சுகாதார சேவை கம்பி போடுகிறது. அதற்கும் 1 முதல் 5 வரை ஒரு தேவைப் படிநிலை வைத்திருக்கிறார்கள். 4, 5இல் இருக்கிற பிள்ளைக்கு இடமுண்டு, 3இல் இருப்பவர் பல்லின் தோற்றமும் மோசமாக இருந்தால்தான் உள்ளே போகலாம், 1இலும் 2இலும் இருப்பவர் சொந்தக் காசில்தான் போட வேண்டும். ஜேர்மனியில் சட்டபூர்வக் காப்புறுதியும் இப்படிப் படி பார்த்தே தருகிறது. பெற்றோர் முதலில் 20 வீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், சிகிச்சை ஒழுங்காக முடிந்தால்தான் அது திரும்பி வரும். பிள்ளை பாதியில் கம்பியைக் கழற்றி எறிந்தால் அந்தக் காசு போனதுதான். அமெரிக்காவில் வேலை வழியாக வருகிற பல் காப்புறுதிகூடச் செலவில் பாதி என்று சொல்லிவிட்டு, வாழ்நாளுக்கே 1,000 முதல் 2,000 டொலர் வரைதான் என்று பெரும்பாலும் கட்டுப்போடும். அங்கே கம்பி போட 5,000 டொலருக்கு மேல் ஆவது சாதாரணம். பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் இவை நடப்பது நாடு முழுக்க வரியாகவோ கட்டாயக் கட்டணமாகவோ வசூலிப்பதால், அமெரிக்காவில் வேலையிடம் முழுக்கச் சேர்ந்து எடுப்பதால். கற்பிட்டியில் ஒரு குடும்பம் தனியாக எடுக்கிற பொலிசிக்கும் அவற்றுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

சரி, இந்தக் கரையில் நம் கையில் என்னென்ன இருக்கின்றன?

முதலாவது, வீட்டுக்கு வந்து விற்கிற ஆயுள் காப்புறுதி. இதுதான் அதிகம் நடக்கிறது, இதில்தான் ஆபத்தும் அதிகம். நீங்கள் கேட்டது பல்லுக்கு. உங்களுக்கு விற்கப்படுவது பத்து, பதினைந்து வருடம் கட்ட வேண்டிய ஆயுள் பொலிசி, அதன் வாலில் ஓர் ஆஸ்பத்திரிச் செலவுப் பகுதி. அந்த ஆஸ்பத்திரிப் பகுதி பணம் தருவது பொதுவாக ஓர் இரவாவது வாட்டில் படுத்தால். கம்பி போடுகிற பிள்ளை வாட்டில் படுப்பதில்லை, கதிரையில் அரை மணித்தியாலம் சாய்ந்துவிட்டு ஐஸ்கிறீம் வாங்கித் தா என்று கேட்கும். முதல் சில வருடங்களுக்குள் பொலிசியை விட்டால் கட்டிய பணத்தில் எதுவும் திரும்பி வராமலும் போகலாம். இங்கேதான் நம் தொழிலும் குறுக்கே நிற்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், வைகாசி தொட்டு, கடல் அடிக்கிற அடிக்குக் கரைவலையும் இல்லை, கைக்காசும் இல்லை. உடப்பிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் கட்டுப்பணம் தவறும். தவறினால் பொலிசி காலாவதியாகும். மீண்டும் உயிர்ப்பித்தால் காத்திருப்புக் காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம். இறால் பண்ணைக்காரருக்கு ஒரு நோய் வந்த பருவம், உப்பளக்காரருக்கு ஒரு மழைப் பருவம் போதும், இதே கதைதான். மாதா மாதம் ஒரே அளவில் வருமானம் வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்த சாமான் இது.

இரண்டாவது, வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்புறுதி. நுரைச்சோலை அனல் மின் நிலையம், பாலாவி சீமெந்து ஆலை, வங்கிகள், ஆடைத் தொழிற்சாலைகள் என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கு வேலை செய்தாலும் உங்கள் நிறுவனம் எடுத்திருக்கிற குழுப் பொலிசியின் பிரதியை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். சில குழுப் பொலிசிகளில் பல், கண்ணாடி இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு தொகை இருக்கும். அந்த வரியில் ‘பல் சீராக்கல்’ நீங்கலாக என்று போட்டிருக்கிறதா, ‘பல் சிகிச்சை’ என்று மட்டும் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது மாதிரி விட்டிருந்தால், கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு, மாத மாதம் கட்டுகிற உண்மையான பில்லை அந்தந்த வருட உச்சத்துக்குள் கேட்கலாம். இரண்டு வருடச் சிகிச்சை என்றால் இரண்டு, சில நேரம் மூன்று பொலிசி வருடங்களைத் தொடும். அதில் கிடைப்பது கிடைக்கட்டும். அதற்கென்று தனியே ஒரு சதமும் நீங்கள் கட்டவில்லையே.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார இருக்கிறது, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ். வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு, படிக்கேற்ற நன்மைப் பட்டியலும் உண்டு. கூடுதலாகக் கட்டி மேல்படிக்குப் போவதற்கு முன் அந்தப் பட்டியலை அலுவலக விடய எழுத்தரிடம் வாங்கி, பல் என்ற இடத்தில் விரலை வைத்து வரி வரியாகப் படியுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் யாரோ சொன்னார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓய்வறையில் எல்லாமே கவர் ஆகும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘சுரக்ஷா’வைப் பலர் கேட்கிறார்கள். 2017இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் வந்த அரச காப்புறுதி அது. ஆஸ்பத்திரி அனுமதி, விபத்து, பாரதூரமான நோய் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டது. கம்பிக்கு அதை நம்பி நிற்காதீர்கள். ஆனால் பிள்ளை விழுந்து பல்லோடு தாடையும் உடைந்து வாட்டில் நின்றால் அதிபரிடம் போய்ப் படிவம் கேட்க மறக்காதீர்கள்.

தகாஃபுல் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டி இல்லை, எல்லோரும் ஒரு பொது நிதிக்குக் கொடுத்து ஒருவருக்கொருவர் உதவுகிற முறை என்பதால் மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஹலாலா என்பது ஒரு கேள்வி, கம்பிக்குப் பணம் தருமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்குக் கிடைத்த நல்ல பதிலை இரண்டாவதுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அங்கேயும் ‘உள்ளடங்காதவை’ பட்டியல் உண்டு. வாப்பா சவூதியிலோ கட்டாரிலோ வேலை செய்கிறார், அங்கே கம்பனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால், அது அங்கே அவரோடு வதிவிட விசாவில் இருக்கிறவர்களுக்கு. புத்தளத்தில் உம்மாவோடு இருக்கிற பிள்ளையின் பல்லுக்கு அல்ல. வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தில் இத்தாலிக்கும் ஊருக்குமாக இருக்கிற குடும்பங்களுக்கு வேறொரு எச்சரிக்கை: அங்கே கம்பி போடத் தொடங்கிப் பாதியில் ஊருக்கு வந்துவிடாதீர்கள், இங்கே தொடங்கிப் பாதியில் அங்கே போய்விடவும் வேண்டாம். ஒரு வைத்தியர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்கத் தயங்குவார். முடித்தாலும் முதலிலிருந்து காசு கேட்பார்.

இனி ஒரு கணக்கு. எண்கள் என் உதாரணம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கம்பிக்கு மொத்தம் மூன்று இலட்சம் ரூபாய் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். மாதம் 6,000 கட்டுகிற பொலிசி ஒன்றில் பல்லுக்கு வருடத்துக்கு 15,000 உச்சம். அதிசயமாகக் கம்பியையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றே வைப்போம். இரண்டு வருடத்தில் உங்களுக்கு வருவது 30,000. நீங்கள் கட்டியது 1,44,000. பல்லுக்காக மட்டும் எடுத்தீர்கள் என்றால் ஒரு இலட்சத்துக்கு மேல் கடலில் போட்டாயிற்று. அதே 6,000 ரூபாயை நம்பிக்கையான ஆட்களோடு ஒரு சீட்டிலோ வங்கிச் சேமிப்பிலோ போட்டிருந்தால், இரண்டு வருடத்தில் கம்பிச் செலவில் ஏறக்குறையப் பாதி கையில். மீதியைக் கிளினிக்கே தவணையில் வாங்கிக்கொள்ளும். சிகிச்சையே மாதக் கணக்கில் நடப்பதால் பணத்தையும் அப்படிப் பிரித்து வாங்குகிற வைத்தியர்கள் அதிகம். ஆயுளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உங்களுக்குக் காப்புறுதி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. குடும்பத்தில் ஒருவர் உழைத்து ஐவர் சாப்பிடுகிற வீட்டுக்கு அது வேண்டும் என்றே நான் சொல்வேன். அதை அதற்காக எடுங்கள். பல்லைச் சாட்டு வைத்து எடுக்காதீர்கள்.

அந்த மூன்று இலட்சத்தில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. எந்தப் பொலிசியும் அதைத் தொடாது. பஸ் காசு. கம்பி இறுக்க நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டிக்காரருக்கு அதற்கு முன்பே பாலாவி வரைக்கும் இன்னும் நாற்பது. விடியச் சுபஹோடு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பிள்ளைக்கு ஒரு நாள் பாடசாலை போகிறது, கூடப் போகிற தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாள் கூலி போகிறது, மத்தியானச் சாப்பாடு வேறு. இரண்டு வருடத்துக்கு இதைக் கூட்டிப் பார்த்தால் சில குடும்பங்களுக்குக் கம்பியின் விலைக்கே கிட்ட வரும். ஆகவே கொழும்பில் இருபதாயிரம் குறைவு என்று ஓடாதீர்கள். சிலாபத்திலோ புத்தளத்திலோ குருணாகலிலோ தகுதியான ஒருவர் பார்க்கிறார் என்றால் கூடக் கொடுத்தாலும் இலாபம். நிபுணர் வாரத்தில் ஒரு நாள் வந்து போகிற கிளினிக் என்றால், அவர் வராத வாரத்தில் கம்பி குத்தினால் யார் பார்ப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது. புத்தளம் மாவட்டத்தின் உள்பக்கக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைப் புள்ளியோ மண்ணிறக் கோடோ விழலாம். அப்படிப்பட்ட எனாமலில் கம்பியைப் பிடித்து வைக்கிற சிறு பொட்டுகள் சில நேரம் சரியாக ஒட்டாமல் கழன்று விழலாம். ஒவ்வொரு தடவையும் திரும்ப ஒட்டக் காசா, மொத்தத்தில் சேர்த்தியா என்று முதல் நாளே கேளுங்கள். நோன்புப் பெருநாள் தொதலிலும் இதே கதைதான்: ஒரு துண்டு தொதல், இரண்டு பொட்டு அவுட்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பணம் கேட்கும் நேரத்தில் யாராவது, “கம்பி எண்டு எழுதினா இன்சூரன்ஸ் தராது, நாலு பல் பிடுங்கினதா எழுதித் தாறம், வேர்ச் சிகிச்சை எண்டு போட்டுத் தாறம்” என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். உதவி போலத் தெரியும். அது மோசடி. நடக்காத சிகிச்சைக்குப் பில் வைத்துக் காசு வாங்கினால் கம்பனி அந்தக் கோரிக்கையை மட்டும் மறுப்பதோடு நிற்காது. காப்புறுதி ஒப்பந்தம் இரு பக்கமும் உண்மை சொல்லும் என்ற அடிப்படையில் நிற்பது. பொய் பிடிபட்டால் பொலிசியையே ரத்துச் செய்ய அவர்களுக்கு வழி பிறக்கும். நாளைக்கு வாப்பாவுக்கு மாரடைப்பு வந்து உண்மையான கோரிக்கை வைக்கிற அன்று, பழைய பல் பில் குறுக்கே வந்து நிற்கும். பொய்ப் பில்லில் கையெழுத்து வைத்த வைத்தியர் அன்றைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். பெரிய நிறுவனத்தில் குழுப் பொலிசி வைத்திருக்கிறவர் வேலையையும் இழக்கலாம். பதினையாயிரம் ரூபாய்க்கு.

இதே ரகத்தில் இன்னொன்று, முகவரே படிவத்தை நிரப்பித் தருவது. “பிள்ளைக்கு ஏதும் பல் பிரச்சினை இருக்கா” என்ற கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டுவிட்டு, கீழே கையெழுத்தை மட்டும் உங்களிடம் வாங்குவார். கோரிக்கை வரும் அன்று, பொய் சொன்னவர் நீங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம், நிரப்பிய படிவத்தின் பிரதி இல்லாமலும் வேண்டாம்.

போலிகள் விடயத்திலும் உஷார். பல்லில் கைவைக்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. இலக்கமும் முத்திரையும் இல்லாத பில்லை எந்தக் காப்புறுதியும் தொடாது. கிளினிக் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப்படுத்தல் சபையில் பதிவாகி, அதை வருடா வருடம் புதுப்பித்திருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்கும், வருடத்தைப் பாருங்கள். பல் கட்டிக் கொடுப்பவர், ஆய்வுகூடத்தில் வேலை பழகியவர் கம்பியும் போட்டுத் தருகிறேன் என்றால் ஓடுங்கள். தவறாக இழுத்த பல் வேரோடு ஆடிப்போகலாம், அதைத் திரும்பச் சரிசெய்வது நிபுணருக்கும் கடினம். முகநூலில் வருகிற ‘வீட்டிலிருந்தே பல் நேராக்கலாம்’ விளம்பரங்களும் அப்படித்தான். கண்ணாடி போன்ற உறையைத் தபாலில் அனுப்பிப் பல் நேராக்கிய அமெரிக்காவின் ஸ்மைல் டிரெக்ட் கிளப், 2023 செப்டெம்பரில் வங்குரோத்து அறிவித்து, டிசெம்பரில் ஒரேயடியாகக் கடையைச் சாத்தியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அத்தனை பெரிய கம்பனிக்கே அந்தக் கதி என்றால், முகவரி இல்லாத முகநூல் பக்கத்துக்கு என்ன சொல்வது?

காப்புறுதிக்காகக் காத்திருப்பதில் போகிறது பணம் மட்டும் என்றால் நான் இவ்வளவு சத்தம் போட மாட்டேன். வயது போகிறது. பொலிசி எடுத்து, காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று ஒரு வருடம் இருந்து, பிறகு மறுத்துவிட்டார்கள் என்று இன்னொரு வருடம் அலைந்து, பன்னிரண்டு வயதில் பார்க்க வேண்டியதைப் பதினைந்தில் பார்க்கிற வீடுகள் உண்டு. தாடை வளர்கிற காலத்தில் கழற்றி மாட்டுகிற கருவியால் முடிகிற காரியம், வளர்ச்சி நின்ற பிறகு அறுவைச் சிகிச்சை வரை போகலாம். மேல் கோரைப் பல்லை எடுங்கள். அது பத்து வயதளவில் ஈறுக்கு மேலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அது அண்ணப் பக்கம் தவறான வழியில் போகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சுவீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடத்துப் பாற்பல்லைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். வழி தவறிய 46 கோரைப் பற்களில் 36 தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. பாற்பல் ஒன்றைப் பிடுங்க அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் இல்லை. அந்த வயது கடந்தால், அதே பல்லை வெட்டித் திறந்து கம்பி கட்டி இழுக்க வேண்டி வரலாம்.

அதனால் முதல் படி காப்புறுதி அலுவலகம் அல்ல. பிள்ளையின் பாடசாலையிலோ பக்கத்திலோ இருக்கிற பாடசாலை பல் சிகிச்சை நிலையம். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மஹரகமவில் பயிற்சி தொடங்கி வளர்ந்த சேவை அது. 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், இலவசமாக. பாற்பல் சொத்தையாகி நேரத்துக்கு முன் விழுந்தால் பின்னால் வருகிற பல்லுக்கு இடம் இல்லாமல் போகும், பல கோணல்கள் அங்கேதான் பிறக்கின்றன. அதை அடைத்துக் காப்பாற்றுவது அவர்கள் அன்றாடம் செய்கிற வேலை. அவர்கள் கடிதம் தந்தால் புத்தளம், சிலாபம் அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து பல் சீராக்கல் விசேட வைத்திய நிபுணர் இருக்கிற இடத்துக்கு அனுப்புவார்கள், தேவைப்பட்டால் கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ. வரிசை நீளம், மறைக்கவில்லை. கடுமையான பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பார்கள், அழகுக்கு மட்டும் என்றால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினாலும் நட்டமில்லை: உங்கள் பிள்ளைக்குக் கம்பி உண்மையில் தேவையா என்ற கேள்விக்கு, விற்பனை நோக்கம் இல்லாத ஒருவரிடமிருந்து பதில் கிடைத்துவிட்டது. உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ உள்ள பிள்ளைக்குக் காப்புறுதியைத் தேடவே வேண்டாம். அறுவைச் சிகிச்சையோடு சேர்த்துப் பல்லையும் பார்க்கிற குழுக்கள் அரச போதனா வைத்தியசாலைகளில் இருக்கின்றன. பெயரை எவ்வளவு சீக்கிரம் பதிகிறீர்களோ அவ்வளவு நல்லது. மற்றப் பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதிலேயே வரிசையில் நின்றால் தேவைப்படுகிற வயதில் முறை வர வாய்ப்புண்டு.

தனியாரிடம் போக முடிவெடுத்தால், எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, கழன்ற பொட்டுக்கு எவ்வளவு, கம்பி கழற்றிய பிறகு போட வேண்டிய தாங்கிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தாங்கியைப் பலர் மறக்கிறார்கள். அதைப் போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே நடந்துபோகும், இரண்டாம் தடவைக்கு முழுக் காசு. 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியபோது கம்பி, பொட்டு, பசை எல்லாம் இறக்குமதி என்பதால் நடுவழியில் விலை கூடிய கதை பல வீடுகளில் உண்டு. ஒப்புக்கொண்ட தொகை இடையில் மாறுமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்த மாதம் கையெழுத்து வைத்தவர்களுக்கு. ஆயுள் பொலிசி உங்கள் கைக்குக் கிடைத்த பிறகு 21 நாள் மனம் மாறும் காலம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், வைத்தியப் பரிசோதனை போன்ற சில செலவுகளைக் கழித்துக்கொண்டு கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இன்றைக்கே பொலிசியை எடுங்கள், ‘உள்ளடங்காதவை’ பக்கத்தைத் திறங்கள். ஆங்கிலம் தெரியாது என்றால் தெரிந்த ஒரு பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள், முகவரிடம் சொல்ல வேண்டாம். கம்பி அதில் இருந்தால், முகவருக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்து நாளைக் கடத்தாமல், கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் தர மறுத்தாலோ, முகவர் எழுத்தில் கொடுத்த வாக்கைக் கம்பனி இல்லை என்றாலோ, முதலில் கம்பனிக்கே எழுத்து மூல முறைப்பாடு. அதன் பதில் திருப்தி இல்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், அதற்குக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். பொலிசி இலக்கம், திகதி, முகவரின் பெயர், அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியின் படப்பிரதி இவை நான்கும் அதில் இருக்கட்டும்.